மூளைச் சிரையில் ரத்தக்கட்டி: கசிவு இருக்கும்போதே ஹெப்பாரின் ஊசி ஏன் போடுகிறார்கள்?

நெல்லிக்குப்பத்திலிருந்து ஓர் அண்ணன் கேட்டிருக்கிறார். 24 வயதுத் தங்கைக்குச் சிசேரியனில் குழந்தை பிறந்தது. பத்தாம் நாள் தலைவலி தொடங்கியது. கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்தார்கள். பதினான்காம் நாள் வலது கையும் காலும் இழுத்து வலிப்பு வந்தது. வீட்டுப் பெரியவர்கள் ஜன்னி கண்டுவிட்டது என்றார்கள். புதுச்சேரியில் ஒரு பெரிய மருத்துவமனையில் எம்ஆர்ஐ எடுத்ததில் மூளையின் சுப்பீரியர் சாஜிட்டல் சைனஸில் ரத்தம் உறைந்திருப்பதும், இடப்பக்க மூளையில் ரத்தம் கசிந்திருப்பதும் தெரிந்தது. இப்போது ஹெப்பாரின் ஊசி போகிறது. "மூளையில் ரத்தம் கசிகிற பெண்ணுக்கு ரத்தத்தை இளக்கும் ஊசி போடலாமா? நிறுத்தச் சொல்லட்டுமா? சென்னைக்குக் கொண்டுபோகட்டுமா? பிழைப்பாளா? தாய்ப்பால் கொடுக்கலாமா? இன்னொரு குழந்தை பெறலாமா?" இவை அவருடைய கேள்விகள்.

ஊசியை நிறுத்தச் சொல்லாதீர்கள். உங்கள் தங்கைக்கு நடக்கிற சிகிச்சையில் முதன்மையானது அதுதான். நான் அவரை நேரில் பார்க்கவில்லை, படங்களையும் பார்க்கவில்லை. மருந்தின் அளவு, எத்தனை நாள் என்பதிலெல்லாம் அங்கே பக்கத்தில் நின்று பார்க்கும் மருத்துவர் சொல்வதே முடிவு. ஆனால் கசிவு இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக இந்த நோயில் ஹெப்பாரினைத் தவிர்ப்பது தவறு என்பதைத் தயக்கமில்லாமல் சொல்கிறேன். உங்கள் அச்சம் இயல்பானது. மருத்துவர்களே பல காலம் அதே அச்சத்தோடு கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அதனால் பல இளம் தாய்மார்களை இழந்தோம்.

மூளைக்குள் ரத்தம் போகும் வழியைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். வெளியே வரும் வழியைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. வயது வந்த ஒருவரின் மூளைக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ முக்கால் லிட்டர் ரத்தம் தமனிகள் வழியாகப் போகிறது. போனது அத்தனையும் திரும்பி வந்தாக வேண்டும். மூளையின் மேற்பரப்பிலிருந்தும் ஆழத்திலிருந்தும் சிறிய சிரைகள் இந்த ரத்தத்தைத் திரட்டி, மூளையைப் போர்த்தியிருக்கும் தடித்த உறையின் இரண்டு அடுக்குகளுக்கு நடுவே ஓடும் பெரிய குழல்களில் கொண்டுவந்து சேர்க்கின்றன. அந்தக் குழல்களே இங்கே பேசப்படும் சைனஸ்கள். சளி, மூக்கடைப்புக்குச் சொல்லும் சைனஸ் வேறு. நெற்றியின் நடுவிலிருந்து உச்சந்தலை வழியாகப் பின்மண்டை வரை நெடுக ஓடுவது சுப்பீரியர் சாஜிட்டல் சைனஸ். மூளையின் ஆழத்து ரத்தத்தை வாங்கி வருவது ஸ்ட்ரெய்ட் சைனஸ். இரண்டும் பின்மண்டையில் கூடி, அங்கிருந்து வலமும் இடமுமாகப் பிரியும் டிரான்ஸ்வர்ஸ் சைனஸ்களில் பாய்ந்து, காதுக்குப் பின்னால் சிக்மாய்டு சைனஸாக வளைந்து, கழுத்தின் ஜுகுலர் சிரையில் இறங்கி இதயத்துக்குப் போகின்றன. கண்களுக்குப் பின்னால் கேவர்னஸ் சைனஸ் என்று ஒரு சோடி தனியே உண்டு.

இந்தக் குழல்களுக்குத் தசைச் சுவர் கிடையாது, கால் சிரைகளில் இருப்பதுபோன்ற வால்வுகளும் கிடையாது. அழுத்தம் கூடினால் ரத்தம் எந்தத் தடையுமின்றிப் பின்னோக்கித் தேங்கும். இன்னொன்றும் உண்டு. மூளையைச் சுற்றியுள்ள தண்டுவட நீர் ஒரு நாளைக்கு ஏறத்தாழ அரை லிட்டர் சுரக்கிறது. அதில் பெரும்பகுதி உச்சந்தலைச் சைனஸுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நுண்ணிய மொட்டுகள் வழியாகவே ரத்தத்தில் கலந்து வடிகிறது. ஆகவே அந்தச் சைனஸ் அடைபட்டால் ரத்தமும் தேங்குகிறது, நீரும் தேங்குகிறது. மண்டை ஓடு விரிந்து கொடுக்காது என்பதால் உள்ளே அழுத்தம் ஏறுகிறது. தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிவது எல்லாம் இந்த அழுத்தத்தின் விளைவுகள்.

கசிவும் இந்தத் தேக்கத்தால் வருவதுதான். ரத்த அழுத்தம் எகிறித் தமனி வெடித்து வரும் மூளை ரத்தக்கசிவைத்தான் நாம் அதிகம் கேள்விப்பட்டிருக்கிறோம். உங்கள் தங்கைக்கு நடந்தது வேறு. சைனஸில் கட்டி உட்கார்ந்துவிட்டதால் அதில் வந்து சேரும் சிறு சிரைகள் புடைக்கின்றன. அவற்றுக்குப் பின்னால் இருக்கும் நுண்குழாய்கள் அழுத்தம் தாங்காமல் நீரையும் பிறகு ரத்தத்தையும் மூளைத் திசுவுக்குள் கசிய விடுகின்றன. கடலூர்க்காரரான உங்களுக்கு இதை விளக்க அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மழைக்காலத்தில் முகத்துவாரம் மணல் மூடிக்கிடந்தால் கெடிலத்துத் தண்ணீர் கடலுக்குப் போகாமல் ஊருக்குள் ஏறும். வாசலில் நிற்கிற தண்ணீரை வாளியில் இறைத்துப் பயனில்லை, முகத்துவாரத்தைத் திறக்க வேண்டும். கசிவைக் கண்டு ஹெப்பாரினை நிறுத்துவது, அடைப்பை வளரவிட்டு இன்னும் கசிய வைப்பதில் போய் முடியும்.

ஹெப்பாரின் ஏற்கனவே உறைந்த கட்டியைக் கரைப்பதில்லை. புதிதாக உறைவதை அது தடுக்கிறது. கட்டி பக்கத்துச் சிரைகளுக்குள் நீளாமல் நிறுத்துகிறது. உறைந்ததைக் கரைக்கும் வேலையை உடலே செய்துகொள்கிறது. அதற்குத் தேவையான கால அவகாசத்தை ஊசி வாங்கித் தருகிறது. நாட்கள் செல்லச் செல்ல மாற்றுச் சிரைகள் விரிந்து ரத்தம் வேறு வழியாகவும் வடியத் தொடங்கும். சில மாதங்களுக்குப் பிறகு எடுக்கும் படத்தில் சைனஸ் பாதி திறந்தும் பாதி மூடியும் இருந்தாலும் ஆள் முழு நலமாக நடமாடுவதற்கு இதுவே காரணம்.

இது வெறும் ஊகமாக இருந்தால் நானும் இவ்வளவு உறுதியாகப் பேச மாட்டேன். ஜெர்மனியில் ஐன்ஹாய்ப்லும் அவருடைய குழுவினரும் நடத்திய ஆய்வு 1991-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. 20 நோயாளிகளில் 10 பேருக்கு ஹெப்பாரின், 10 பேருக்கு மருந்தில்லாத வெறும் ஊசி. ஹெப்பாரின் பெற்றவர்களில் 8 பேர் முழுமையாகத் தேறினார்கள், 2 பேருக்குச் சிறு குறை மிஞ்சியது, ஒருவரும் இறக்கவில்லை. மற்ற பத்துப் பேரில் முழுமையாகத் தேறியவர் ஒருவர். 3 பேர் இறந்தார்கள். வேறுபாடு அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வைத் தொடராமல் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். அதே கட்டுரையில், கசிவோடு வந்த பழைய நோயாளிகளின் பதிவுகளையும் புரட்டிப் பார்த்தார்கள். கசிவு இருந்தும் ஹெப்பாரின் பெற்ற 27 பேரில் இறந்தவர்கள் 4 பேர். கசிவைக் கண்டு ஹெப்பாரின் தராமல் விட்ட 13 பேரில் இறந்தவர்கள் 9 பேர். எண்ணிக்கை சிறியதுதான், பழைய பதிவுகளை வைத்துச் செய்யும் ஒப்பீட்டுக்குக் குறைகளும் உண்டு. ஆனால் அதற்குப் பிறகு வந்த அனுபவமும் அதே பக்கம் நின்றது. இன்று உலகெங்கும் உள்ள நரம்பியல் வழிகாட்டு நெறிகள், சிரை அடைப்பால் வந்த கசிவு ஹெப்பாரினுக்குத் தடையாகாது என்றே சொல்கின்றன.

உங்களிடம் கேட்காமலே போடப்பட்ட ஊசி என்று உறவினர் ஒருவர் கோபப்படுவதாக எழுதியிருக்கிறீர்கள். விளக்கம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு; மாலையில் மருத்துவர் சுற்றுக்கு வரும்போது அமைதியாகக் கேளுங்கள். அந்த விளக்கம் கிடைக்கும் வரை ஒரு வேளை ஊசியைத் தள்ளிப்போடச் சொல்வது மட்டும் வேண்டாம்.

ஊசி போட்டும் சிலருக்கு நிலை மோசமாகும். இதையும் மறைக்கக்கூடாது. எழுப்பினால் சரியாக விழிக்காமல் போவது, பேச்சு மேலும் குழறுவது, கை கால் பலவீனம் கூடுவது, ஒரு கண்ணின் பாவை பெரிதாவது, வலிப்பு திரும்பத் திரும்ப வருவது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அந்த நிமிடமே செவிலியரை அழையுங்கள். "தூங்குகிறாள், எழுப்ப வேண்டாம்" என்று விட்டுவிடாதீர்கள். வீக்கம் மூளைத்தண்டை நசுக்கும் நிலை வந்தால் மண்டை ஓட்டின் ஒரு பகுதியைத் தற்காலிகமாக எடுத்து இடம் கொடுக்கும் அறுவைச் சிகிச்சை செய்வார்கள். கேட்கப் பயங்கரமாக இருக்கும். ஆனால் இந்த நோயில் அது உயிரைக் காக்கும் அறுவை. காலத்தோடு செய்துகொண்ட பலர் பிறகு தன் வேலையைத் தானே பார்க்கும் அளவுக்குத் தேறுகிறார்கள். அந்த அறுவைக்குச் சம்மதக் கையெழுத்துக் கேட்கும்போது ஊரிலிருந்து மாமா வரட்டும் என்று நேரம் கடத்த வேண்டாம். குழாய் விட்டுக் கட்டியை எடுக்கும் முறையைப் பற்றியும் சிலர் சொல்வார்கள். எல்லோருக்கும் அதை முதலிலேயே செய்வதால் கூடுதல் பலன் கிடைக்கவில்லை என்று 2020-ல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வு காட்டியது. ஹெப்பாரின் கொடுத்தும் நிலை மோசமாகிற சிலருக்கு மட்டுமே அதை யோசிக்கிறார்கள்.

இனி இது ஏன் வந்தது என்பதற்கு வருகிறேன். இந்தப் பகுதியில்தான் எனக்கு ஆதங்கம் அதிகம்.

பிரசவத்தில் ரத்தப்போக்கால் தாய் இறந்துவிடாமல் இருக்க, கர்ப்ப காலத்தின் கடைசியிலேயே உடல் ரத்தத்தை எளிதில் உறையும்படி மாற்றிக்கொள்கிறது. உறையச் செய்யும் ஃபைப்ரினோஜன் போன்றவை கூடுகின்றன. உறைவதைத் தடுக்கும் புரோட்டீன் எஸ் குறைகிறது. பிரசவம் முடிந்தவுடன் இது பழைய நிலைக்கு வந்துவிடுவதில்லை. ஆறு வாரம் வரை ஆபத்து நன்றாகவே நீடிக்கிறது, முதல் மூன்று வாரங்கள் இன்னும் கடுமை. இதோடு சிசேரியன், ரத்தசோகை, தொற்று, காய்ச்சல், தண்ணீர் குறைவு எது சேர்ந்தாலும் சுமை ஏறும். நம் பகுதியில் பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் கொடுத்தால் வயிறு பெருக்கும், பச்சை உடம்புக்குக் குளிர்ச்சி ஆகாது என்று சொல்லி ஒரு டம்ளர் வெந்நீரோடு நிறுத்திவிடும் வீடுகளை இன்றும் பார்க்கிறேன். ஜன்னலை மூடி, தலையைத் துணியால் கட்டி, சாம்பிராணிப் புகை போட்டு, அக்கினி நட்சத்திரத்தில்கூட மின்விசிறியை நிறுத்திவிடுவார்கள். குழந்தை பால் உறிஞ்சுகிறது, உடல் வேர்க்கிறது, ஆனால் தண்ணீர் மட்டும் உள்ளே போவதில்லை. அன்பினால்தான் செய்கிறார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. பத்தியச் சோறு, பூண்டுக் குழம்பு, வெந்நீர்க் குளியல் எதற்கும் நான் எதிரியல்ல. தண்ணீரை மறுப்பது ஒன்றை மட்டும் விட்டுவிடுங்கள் என்று கைகூப்பிக் கேட்கிறேன். பாலூட்டும் தாய் நாளுக்குச் சுமார் மூன்று லிட்டர் குடிக்கட்டும். சிறுநீர் வெளிர் மஞ்சளாகப் போகிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும். சிசேரியன் ஆனவர் மறுநாளிலிருந்தே எழுந்து நடக்கட்டும்.

பிரசவித்த பெண்ணுக்கு வலிப்பும் பிதற்றலும் வந்தால் ஜன்னி என்று சொல்லி மந்திரிக்கக் கொண்டுபோன காலம் ஒன்று இருந்தது. அப்படிப் போனவர்களில் எத்தனையோ பேருக்கு இருந்தது இந்த அடைப்பாகத்தான் இருக்க வேண்டும். மேல்நாட்டு நூல்கள் இதை அபூர்வமான நோய் என்று எழுதிக்கொண்டிருந்தபோது, நம் மருத்துவமனைகளுக்குப் பிரசவித்த பெண்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். தமிழகத்து நரம்பியல் மருத்துவர் கே. சீனிவாசன் கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பின்னும் மூளை ரத்தக்குழாய் அடைபட்ட 135 பேரைப் பற்றி 1983-ல் எழுதிய கட்டுரையை இன்றும் உலகெங்கும் மேற்கோள் காட்டுகிறார்கள்.

பிரசவத்துக்குப் பின் வரும் தலைவலியில் எதற்குப் பயப்பட வேண்டும்? தூக்கமின்மையால் வரும் வலி தூங்கினால் தணியும். சிசேரியனுக்கு முதுகில் மயக்க ஊசி போட்டதால் வரும் தலைவலிக்கு ஓர் அடையாளம் உண்டு: உட்கார்ந்தால், நின்றால் கூடும்; படுத்தால் குறையும்; பெரும்பாலும் முதல் சில நாட்களிலேயே வந்து ஓரிரு வாரத்தில் போய்விடும். சிரை அடைப்பின் வலி பலருக்கு இதற்கு நேர்மாறாக நடக்கும். படுத்தால் கூடும், விடியற்காலையில் எழுப்பிவிடும், இருமினாலும் முக்கினாலும் தெறிக்கும், நாளுக்கு நாள் ஏறும், மாத்திரைக்குச் சில மணி நேரம் அடங்கி மீண்டும் வரும். எழுந்தால் வலித்த தலை இப்போது எப்படி இருந்தாலும் வலிக்கிறது என்று வலியின் குணம் மாறினால் அதையும் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டும். முதுகு ஊசிக்குப் பின் வந்த தலைவலிக்காரர்களில் சிலருக்குச் சிரை அடைப்பும் பின்தொடர்ந்து வருவதுண்டு. ரத்த அழுத்தம் ஏறி வரும் தலைவலியும் வலிப்பும் தனி. அழுத்தத்தை அளந்தால் அது பிடிபடும். பிள்ளை பெற்று ஆறு வாரத்துக்குள் இருக்கும் பெண்ணுக்கு இரண்டு நாளைக்கு மேல் விடாத தலைவலி என்றால், அதுவும் வாந்தியோ பார்வை மங்கலோ சேர்ந்தால், மருந்துக் கடைக்குப் போகாமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். இந்த நோயில் பத்துப் பேரில் ஏறத்தாழ ஒன்பது பேருக்குத் தலைவலி உண்டு. பலருக்கு அது மட்டுமே சில நாட்கள் இருக்கும். அந்த நாட்களில் கண்டுபிடித்தால் வலிப்பும் பக்கவாதமும் வராமலே தடுத்துவிட முடியும்.

அங்கேயும் ஒரு வழுக்கல் இருக்கிறது. அவசரத்தில் எடுக்கும் சாதாரண சிடி ஸ்கேன் இந்த நோயில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கே நேரடி அடையாளம் காட்டும். "ஸ்கேன் நார்மல்" என்று சொல்லி அனுப்பிவிட்டால் ஆபத்து. சிரைகளையே தனியாகக் காட்டும் வீனோகிராம் படத்தை, எம்ஆர் முறையிலோ சிடி முறையிலோ, எடுக்க வேண்டும். மருத்துவரிடம் "சிரைகளையும் பார்க்கும் படம் எடுத்தீர்களா?" என்று கேட்பதில் தவறே இல்லை. அதே படத்தில் எதிர்த்திசைப் பிழையும் நடக்கும்: இடப்பக்க டிரான்ஸ்வர்ஸ் சைனஸ் பலருக்குப் பிறவியிலேயே மெலிந்திருக்கும், அதை அடைப்பு என்று வாசித்துவிடுவார்கள். உங்கள் தங்கைக்கு அடைப்பு உச்சந்தலைச் சைனஸில், அதற்குப் பொருந்தும் பகுதியில் கசிவும் இருப்பதால் இந்த ஐயத்துக்கு இடமில்லை.

பிரசவம் தவிர மற்ற காரணங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை உலகெங்கும் பெரிய காரணம். திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மாதவிலக்கைத் தள்ளிப்போடச் சீட்டில்லாமல் வாங்கிப் போடும் நோரெதிஸ்டிரோன் மாத்திரையும் ரத்தம் உறையும் போக்கைக் கூட்டக்கூடியது. முன்பு எங்காவது ரத்தக்கட்டி வந்தவர்கள் அதைத் தொடவே கூடாது. சீழ் வடியும் காதை நாள்பட விட்டால் பக்கத்தில் இருக்கும் சிக்மாய்டு சைனஸ் அடைபடும். மூக்குக்கும் மேலுதட்டுக்கும் அருகில் வரும் சீழ்க்கட்டியைப் பிதுக்கினால் தொற்று கேவர்னஸ் சைனஸுக்குப் போகக்கூடும். கண் வீங்கிப் பிதுங்கும். ஆண்களுக்கு வராது என்று எண்ண வேண்டாம். ஹைதராபாத் நிஜாம் மருத்துவ நிலையம் 2012-ல் வெளியிட்ட 428 நோயாளிகளின் பதிவில் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஆண்கள். ரத்தசோகை, ரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலம் கூடுதல், குடி ஆகியவை அங்கே முன்னணியில் நின்றன. புதுச்சேரியில் விலை குறைவு என்று கோடை வெயிலில் வந்து குடித்துவிட்டு, தண்ணீரும் சோறுமில்லாமல் நாள் முழுக்கக் கிடக்கும் இளைஞர்களை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. கொரோனா தடுப்பூசியால்தான் வந்தது என்று உங்கள் சித்தப்பா சொல்வதற்கும் பதில் சொல்கிறேன்: கோவிஷீல்டு வகைத் தடுப்பூசிக்குப் பின் மிக அரிதாக இந்த அடைப்பு வந்தது உண்மை. ஆனால் அது ஊசி போட்ட சில வாரங்களுக்குள், தட்டணுக்கள் சரிந்த நிலையில் வந்தது. ஆண்டுகள் கழித்துப் பிரசவத்துக்குப் பின் வந்த அடைப்பை அதன் கணக்கில் எழுத முடியாது.

"பரம்பரையாக ரத்தம் உறையும் கோளாறு இருக்கிறதா" என்று பார்க்க ஒரு பெரிய ரத்தப் பரிசோதனைத் தொகுப்பை வெளியே எடுத்து வரச் சொல்வார்களா என்று கேட்டிருந்தீர்கள். இப்போது அவசரப்பட்டுப் பணத்தைக் கொட்டாதீர்கள். புதிய கட்டி இருக்கும்போதும் பிரசவித்த வாரங்களிலும் புரோட்டீன் எஸ் குறைவாகவே காட்டும். ஹெப்பாரின், உறைவதைத் தடுக்கும் இன்னொரு புரதமான ஆன்டித்ராம்பினைக் குறைத்துக் காட்டும். பிறகு ஊசிக்குப் பதில் தரும் வார்ஃபரின் வகை மாத்திரை புரோட்டீன் சி, எஸ் இரண்டையும் குறைக்கும். இல்லாத நோயை இருப்பதாக எழுதிவிடுவார்கள். மாத்திரைக் காலம் முடிந்த பிறகு, தேவை என்று மருத்துவர் கருதினால் பார்த்துக்கொள்ளலாம். ரத்தத்தை உறையச் செய்யும் எதிர்ப்பொருள்களைத் தேடும் ஆன்டிபாஸ்போலிப்பிட் சோதனை மட்டும் விதிவிலக்கு. குழந்தை கலைந்த வரலாறு இருந்தால் கட்டாயம் பார்க்க வேண்டும், நேர்மறையாக வந்தால் 12 வாரம் கழித்து மறுபடியும் உறுதிசெய்ய வேண்டும். ஹீமோகுளோபினும் தட்டணு எண்ணிக்கையும் எந்த ஊர் ஆய்வகத்திலும் கிடைக்கும் மலிவான சோதனைகள். முதலில் அவை முக்கியம்.

சென்னைக்குக் கொண்டுபோக வேண்டுமா? வீனோகிராம் எடுக்கும் வசதி, தீவிர சிகிச்சைப் பிரிவு, நள்ளிரவிலும் அறுவை செய்யக்கூடிய நரம்பு அறுவை மருத்துவர் ஆகிய மூன்றும் இருக்கும் இடத்தில் அவர் இருந்தால் எங்கும் கொண்டுபோக வேண்டாம். புதுச்சேரியில் கோரிமேட்டு ஜிப்மர் உட்பட அப்படிப்பட்ட இடங்கள் உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மூன்று மணி நேரம் ஆம்புலன்ஸில் போகும்போது வலிப்பு வந்தால் என்ன செய்வீர்கள்? இரண்டாவது கருத்து வேண்டுமென்றால் படங்களின் நகலை எடுத்துக்கொண்டு நீங்கள் போய் வாருங்கள். நோயாளி அங்கேயே இருக்கட்டும்.

பிழைப்பாளா என்ற கேள்விக்குப் பதில் நம்பிக்கை தருவது. இந்த நோயை 1825-ல் பிரான்சின் ரீப் முதன்முதலாக விவரித்தபோதும், பிரசவித்த பெண்ணுக்கு வந்ததை 1828-ல் ஸ்காட்லாந்தின் ஜான் அபெர்கிராம்பி எழுதியபோதும், இறந்தபின் மூளையைத் திறந்து பார்த்தே கண்டுகொண்டார்கள். வெகுகாலம் அப்படியே இருந்ததால் வந்தால் போயிற்று என்ற பெயர் இதற்கு நிலைத்துவிட்டது. 21 நாடுகளில் 624 நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2004-ல் வந்தது. அதில் ஏறத்தாழ 79 விழுக்காட்டினர் முழுமையாகவோ கிட்டத்தட்ட முழுமையாகவோ தேறினார்கள். இறந்தவர்கள் 8 விழுக்காட்டுக்குச் சற்று மேல். தமனி அடைப்பால் வரும் பக்கவாதத்தோடு ஒப்பிட்டால் இது மிக நல்ல கணக்கு. ஆழ்ந்த மயக்கம், மூளைக்குள் கசிவு, ஆழத்துச் சிரைகள் அடைபடுவது, புற்றுநோய், மூளைத் தொற்று, வயது ஆகியவை கணக்கைக் கெடுப்பவை. உங்கள் தங்கைக்குக் கசிவு இருக்கிறது; ஆனால் இளம் வயது, காரணம் தெரிந்தது, பெயர் சொல்லி அழைத்தால் விழித்துப் பேசுகிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வலது கை வலிமை திரும்ப வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும். இயன்முறைப் பயிற்சியை வார்டிலேயே தொடங்கச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு ஊசிக்குப் பதில் மாத்திரை வரும். பிரசவம் போன்ற தற்காலிகக் காரணத்தால் வந்த அடைப்புக்கு வழக்கமாக 3 முதல் 6 மாதம். காரணம் தெரியாவிட்டால் 6 முதல் 12 மாதம். ஆன்டிபாஸ்போலிப்பிட் நோய் போன்றவற்றில் காலம் முழுக்க. பாலூட்டும் தாய் என்பதால் வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் தருவார்கள். புதிய வகை மாத்திரைகள் வேறு நோயாளிகளுக்கு நல்லவை, பாலூட்டுபவருக்கு இப்போதைக்கு வேண்டாம். ரத்தம் எவ்வளவு மெதுவாக உறைகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் என்ற ரத்தச் சோதனை 2-க்கும் 3-க்கும் இடையில் நிற்க வேண்டும். முதலில் சில நாட்களுக்கு ஒருமுறை, நிலைத்தபின் மாதம் ஒருமுறை, முடிந்தவரை ஒரே ஆய்வகத்தில் பார்த்து ஒரு நோட்டில் தேதி, அளவு, மாத்திரை மூன்றையும் எழுதுங்கள். பால் சுரக்க முருங்கைக்கீரையைத் தினமும் அள்ளிக் கொடுப்பது நம் வழக்கம். கீரையில் உள்ள வைட்டமின் கே இந்த மாத்திரையின் வேகத்தைக் குறைக்கும். கீரையை நிறுத்த வேண்டியதில்லை; ஒரு வாரம் நாள்தோறும், மறுவாரம் அறவே இல்லை என்று ஆட்டம் காட்டாமல் ஒரே அளவில் கொடுங்கள். லேகியம், கஷாயம், சூரணம் எதுவானாலும் மருத்துவரிடம் காட்டிவிட்டே. வலிக்கு டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் வேண்டாம். அளவாகப் பாராசிட்டமால் போதும். இடுப்பிலும் கையிலும் தசையில் போடும் ஊசிகளைத் தவிர்க்கச் சொல்லுங்கள். மலம் தார்போல் கறுத்தாலோ, ஈறில் ரத்தம் வந்தாலோ, தீட்டு அளவுக்கு மீறினாலோ அன்றே போய்ப் பாருங்கள். கண் மருத்துவரிடம் பார்வை நரம்பின் வீக்கத்தைச் சோதிப்பதை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. தலைவலி போனாலும் பார்வை மெல்லக் குறைந்துவிடக்கூடும், அதனால் சில மாதங்களுக்கு விடாமல் காட்டுங்கள்.

வலிப்பு மருந்தைத் தானாக நிறுத்தக் கூடாது. இன்னும் குழந்தை பெறும் வயது என்பதால் சோடியம் வால்ப்ரோயேட் எழுதப்பட்டிருந்தால் வேறு மருந்துக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். கருவைப் பாதிக்கும் மருந்து அது. தூக்கம் கெட்டால் வலிப்பு வரும். இரவில் ஒரு வேளைப் பாலைப் பிழிந்து வைத்துவிட்டு அவர் தூங்கட்டும், உங்கள் அம்மா புகட்டட்டும். பால் கொடுக்கும்போது தரையில் பாயில் உட்கார்ந்து கொடுப்பதும், குழந்தையைக் குளிப்பாட்டும்போது தனியாக இல்லாமல் இருப்பதும் நல்லது.

தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம். ஹெப்பாரின் பால் வழியாகக் குழந்தைக்குப் போய்ச் செயல்படுவதில்லை. வார்ஃபரினும் பாலில் குறிப்பிடும்படி கலப்பதில்லை. நினைவு தெளிந்து விழுங்க முடிகிற நிலையில் குழந்தையை அவரிடம் கொண்டுபோகக் கேளுங்கள். அதுவரை பாலைப் பிழிந்து எடுத்தால் சுரப்பு வற்றாது.

இன்னொரு குழந்தை பெறலாம். இந்த நோய் வந்ததாலேயே அடுத்த கர்ப்பத்துக்குத் தடை இல்லை. ஆனால் வார்ஃபரின் எடுக்கும் காலத்தில் கரு தரிக்கக் கூடாது, முதல் மாதங்களில் அது சிசுவின் உறுப்புகளைப் பாதிக்கும். அதனால் வீட்டுக்கு வரும்போதே கருத்தடை பற்றிப் பேசிவிடுங்கள்: காப்பர்-டி போடலாம், ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரை இனி ஒருபோதும் வேண்டாம். அடுத்த முறை கர்ப்பம் உறுதியானவுடன், ஐந்தாம் மாதம் வளைகாப்பு வரை காத்திராமல், இந்த மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சீட்டோடு மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பின் ஆறு வாரமும் தோலுக்கடியில் போடும் ஹெப்பாரின் வகை ஊசியைத் தடுப்பு அளவில் தருவார்கள். அந்தச் சீட்டையும் எம்ஆர்ஐ படத்தையும் வீட்டில் பத்திரமாக வையுங்கள், கைபேசியிலும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.